இறாலின் நோய் எதிர்ப்புச் சக்தியும் அதன் பாரம்பரியக் கூறுகளும்

வேதாரணியம் முதல் சீர்காழி வரையுள்ள கரையோரத்திலும், தெற்கே ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலும் உவர்நீர்க் குட்டை வைத்து இறால் வளர்க்கும் பண்ணையாளர்களிடம், இத்தொழிலில் தாங்கள் மிகவும் அஞ்சுவது யாது என்று வினவினால், விலை வீழ்ச்சியையோ புயலையோ முதலில் சொல்பவர் சிலரே. நோய் என்பதே பெரும்பாலோர் விடை. நெற்பயிரில் பூச்சி விழுந்தால் கால் பங்கு போகும், அரைப் பங்கு போகும். எஞ்சியது களத்திற்கு வரும். இறால் குட்டையில் வெள்ளைப்புள்ளி நோய் கண்டால், மூன்று முதல் பத்து நாட்களுக்குள் குட்டை முழுவதுமே வெறுமையாகிவிடக்கூடும். தீவனத்திற்குக் கடன், குஞ்சுக்குக் கடன், நிலத்திற்குக் குத்தகை, காற்றுச் சக்கரம் ஓட்டிய வகையில் மின்சாரக் கட்டணம் ஆகிய யாவும் அப்படியே நிற்க, இறால் மாத்திரம் கரையோரத்தில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும்.

இந்நோய் 1992-93 ஆம் ஆண்டுகளில் தைவானிலும் சீனத்திலும் முதன்முதல் தோன்றி, 1994 இல் இந்தியாவின் கீழ்க்கரைக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் இங்கு வளர்க்கப்பட்டது வரி இறால் எனப்படும் புலி இறாலாகும். கடலில் பிடித்த தாய் இறால்களிடமிருந்தே குஞ்சு எடுத்தார்கள். தாயின் உடலில் கிருமி இருந்தால் குஞ்சும் அதனைக் கொண்டே பிறந்தது. பல பண்ணைகள் கைவிடப்பட்டன. பின்னர் 2009 ஆம் ஆண்டில், மெக்ஸிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரைக்கு உரிய வன்னாமி இறாலை வளர்க்க அரசாங்கம் அனுமதி தந்தது. கிருமி நீக்கிய தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து, சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துப் பரிசோதித்த பின்னரே குஞ்சு பொரிப்பகங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு அதனோடு வந்தது. தொழில் மறுபடி தழைத்தது. வெள்ளைப்புள்ளி நோயோ ஒழியவில்லை.

ஆகையால், நோயைத் தாங்கும் இறால் இனம் ஒன்று கிடைக்குமா என்னும் கேள்வி இன்று பண்ணையாளரின் மனத்தில் நிற்பது இயல்பே. நெல்லில் ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்தெடுத்த கோ. 4 குலை நோயைத் தாங்கியது போல, இறாலிலும் ஏன் ஓர் இனம் இருக்கலாகாது என அவர் எண்ணுகிறார். அவ்வெண்ணத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டு, "எதிர்ப்புச் சக்தி உள்ள குஞ்சு" என்று சொல்லி அதிக விலைக்கு விற்பவர்களும் உளர். அச்சொல்லில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைப் பண்ணையாளர் தாமே நிறுத்துப் பார்ப்பதற்கு, இறாலின் உடல் நோயை எவ்விதம் எதிர்க்கிறது, அவ்வெதிர்ப்புக்குக் காரணமான பாரம்பரியக் கூறுகள் யாவை என்பதைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் அவசியம்.

இறாலின் உடற்காவல்

மாட்டுக்குக் கோமாரி ஊசி போடுகிறோம்; கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போடுகிறோம். ஊசியில் உள்ள வலுவிழந்த கிருமியை உடல் அறிந்து, அதற்கென்றே தனி எதிர்ப்பொருளை உண்டாக்கி, அந்த நினைவை வைத்துக்கொள்ளுகிறது. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கு மாத்திரமே இச்சக்தி உண்டு. இறாலுக்கு எதிர்ப்பொருள் இல்லை. அதனை உண்டாக்கும் அணுக்களும் இல்லை. எனவே மாட்டுக்குப் போடும் வகையான தடுப்பூசி இறாலுக்குப் பயன்படுவதன்று. அதற்கு உள்ளதெல்லாம் பிறவியிலேயே அமைந்த காவல்தான். அக்காவலை அமைப்பவை மரபணுக்கள் எனப்படும் பாரம்பரியக் கூறுகள். ஒவ்வொரு மரபணுவும் ஒரு புரதத்தைச் செய்வதற்கு எழுதி வைத்த ஓர் ஏடு போன்றது. தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாகக் குஞ்சுக்கு வந்து சேருகிறது.

முதற் காவல் ஓடு. ஓடு உரிக்கும் சமயத்தில் இறால் மெலிவுற்று நோய்க்கு எளிதில் இலக்காவதைப் பண்ணையாளர் கண்ணாரக் கண்டிருப்பர். ஓட்டையும் குடலையும் கடந்து கிருமி உள்ளே புகுந்தால், அங்கே இரத்த அணுக்கள் எதிர்நிற்கின்றன. இவை மூவகை. மணிகளற்ற அணுக்கள், சிறு மணிகளுள்ளவை, பெருமணிகள் நிறைந்தவை என்பன அவை. சில கிருமியை விழுங்கும். சில பல ஒன்றுகூடிக் கிருமியைச் சுற்றி உறை போல் மூடும். சில தம்முள் சேமித்து வைத்த மணிகளை வெடித்துக் கிருமிகொல்லும் பொருள்களை இரத்தத்தில் கொட்டும்.

கிருமி வந்துவிட்டது என்பதை இறால் எவ்வாறு அறிகிறது? பூஞ்சைகளின் சுவரில் பீட்டா குளுக்கன் என்னும் சர்க்கரைப் பொருள் உண்டு. பாக்டீரியாக்களின் மேல் வேறு சில பொருள்கள் உண்டு. இறாலின் உடலில் இவை கிடையா. ஆகவே இவற்றைத் தொட்டறியும் புரதங்கள் சில இறாலின் இரத்தத்தில் எப்பொழுதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பீட்டா குளுக்கனைப் பற்றும் புரதமும், லெக்டின் என்னும் புரத வகைகளும் இவற்றுள் முக்கியமானவை. இவை அந்நியப் பொருளைத் தொட்டவுடன், ஒன்று மற்றொன்றைத் தூண்டும் நொதிகளின் சங்கிலி ஒன்று இயங்கத் தொடங்குகிறது. அதன் முடிவில் பீனால் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி விழித்தெழுந்து, மெலனின் என்னும் கருநிறப் பொருளை உண்டாக்கிக் கிருமியை அடைத்துக் கொல்லுகிறது. இறாலின் ஓட்டில் காணும் கருந்தழும்புகள் இப்போரின் அடையாளங்களே.

வியாபாரிக்கு நன்கு தெரிந்த ஒரு செய்தி இதனோடு சேர்ந்தது. பிடித்த இறாலைப் பனிக்கட்டியில் வைத்தாலும் தலையும் ஓரங்களும் கறுத்துப் போவதும், அதற்காக விலை குறைப்பதும் வழக்கம். உயிரோடிருக்கையில் இறாலைக் காத்த அதே வகை நொதிவேலை, செத்த பின்னும் நிற்காமல் நடப்பதே அக்கறுப்புக்குக் காரணம்.

இச்சங்கிலி இறாலுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தாய்லாந்து ஆராய்ச்சியாளர் 2009 இல் காட்டினர். புலி இறாலில் பீனால் ஆக்ஸிடேஸுக்குரிய மரபணுக்களை வேலை செய்யாதபடி அடக்கிவிட்டு, விப்ரியோ பாக்டீரியாவைச் செலுத்தியபோது, மரபணு அடங்கிய இறால்கள் மற்றவற்றைவிட மிகுதியாக மடிந்தன.

கிருமிகொல்லும் சிறு புரதங்கள்

இரத்த அணுக்களின் மணிகளில் சேமித்து வைக்கப்படும் ஆயுதங்களில் பெயர்பெற்றவை மூன்று. முதலாவது பினீடின். 1997 ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் வன்னாமி இறாலின் இரத்தத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர்; பினயஸ் என்னும் இறால் குலத்தின் பெயரே இதற்கும் வாய்த்தது. இரண்டாவது கிரஸ்டின், நண்டு, இறால் ஆகிய ஓடுடைய உயிர்களில் பரவலாகக் காணப்படுவது. மூன்றாவது, பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் நச்சுப் பொருளைப் பற்றிச் செயலறச் செய்யும் புரதம். அதனை ஆராய்ச்சியாளர் ஏ.எல்.எப். என்று சுருக்கி அழைப்பர்.

மூன்றாவதைப் பற்றிய ஒரு சோதனை கருதத்தக்கது. புலி இறாலில் அம்மரபணுக்களுள் ஒன்றை அடக்கியபோது, வெளியிலிருந்து கிருமி எதுவும் செலுத்தாமலே, இறாலின் இரத்தத்தில் பாக்டீரியா பெருகி அது விரைவில் இறந்தது. நலமாயிருக்கும் இறாலின் உடலிலும் பாக்டீரியாக்கள் எப்பொழுதும் இருந்துகொண்டே இருக்கின்றன. இப்புரதங்களே அவற்றை நாள்தோறும் அடக்கி வைத்திருக்கின்றன. பிராணவாயுக் குறைவு, அம்மோனியா மிகுதி, திடீரென உப்புத்தன்மை மாறுதல் ஆகியவற்றால் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பீனால் ஆக்ஸிடேஸின் வேகமும் தாழ்கின்றன என்பது பல சோதனைகளில் கண்டது. நேற்றுவரை நலமாயிருந்த குட்டையில் மேகமூட்டமான ஒரு விடியற்காலைக்குப் பின் விப்ரியோ நோய் கிளம்புவது எதனால் என்பது இதனால் விளங்கும். கிருமி புதிதாக வந்ததன்று, காவல் தளர்ந்தது.

இவ்வாயுதங்களை எப்பொழுது எடுப்பது என்று கட்டளையிடும் மரபணுக்கள் வேறு உள்ளன. டோல் என்னும் கட்டளை வழி ஒன்று, ஐ.எம்.டி. வழி மற்றொன்று, ஜாக்-ஸ்டாட் வழி பின்னொன்று. டோல் வழி நோய்க் காவலுக்கு உரியது என்பது முதலில் பழ ஈயில் 1996 இல் தெரியவந்தது. அதற்காக ஜூல்ஸ் ஹாப்மன் 2011 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஈயில் கண்ட வழிகளே பெரும்பாலும் இறாலிலும் இருக்கின்றன.

திருடன் கைக்குப் போன திறவுகோல்

பாக்டீரியாவை எதிர்ப்பதில் இத்துணை ஏற்பாடுள்ள இறால், வெள்ளைப்புள்ளி வைரஸிடம் தோற்பது ஏன்? இவ்வைரஸ் ஏறக்குறைய மூன்று லட்சம் எழுத்துக்கள் கொண்ட பாரம்பரியச் சுவடியை உடையது. இறாலைத் தாக்கும் வைரஸ்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இறால் உயிரணுவின் கட்டளை வழிகளைத் தன் காரியத்திற்கே உபயோகித்துக்கொள்ளும் தந்திரத்தை அது கற்றிருக்கிறது. ஜாக்-ஸ்டாட் வழியில் ஸ்டாட் என்னும் புரதம் இறாலின் காவல் மரபணுக்களை எழுப்பும் பொருட்டு அமைந்தது. வைரஸ் உள்ளே புகுந்ததும் முதலில் வேலை தொடங்கும் தன் மரபணு ஒன்றின் வாயிலில், அதே ஸ்டாட் வந்து அமர்வதற்கேற்ற பூட்டை வைத்திருக்கிறது. காவலுக்குப் புறப்பட்ட ஸ்டாட் வைரஸின் கதவையும் திறந்துவிடுகிறது. இது 2007 இல் தைவான் ஆராய்ச்சியாளர் கண்டது. டோல், ஐ.எம்.டி. வழிகளின் கடைசிப் புரதங்களும் இவ்வாறே வைரஸுக்கு உதவியாய்ப் போவது பின்னர் தெரிந்தது.

இதிலிருந்து ஒரு படிப்பினை உண்டு. எதிர்ப்புச் சக்தியை எவ்வளவு கிளப்பினாலும் நல்லதே என்று எண்ணித் தூள்களையும் திரவங்களையும் தீவனத்தில் தினந்தோறும் கலப்பவர் பலர். பீட்டா குளுக்கன் முறைப்படி கொடுத்தால் பயன் தரும் என்பது மெய்யே. ஆனால் கொச்சியில் இந்திய வெள்ளை இறாலை வைத்துச் செய்து 2009 இல் வெளியிட்ட சோதனையில், நாள்தோறும் கொடுத்ததைவிட ஏழு நாட்களுக்கு ஒருமுறை கொடுத்ததே சிறந்த பலன் தந்தது. தினம் தினம் கிளப்பிய காவல் களைத்துப் போகும். செலவும் ஏழு மடங்கு.

வைரஸை எதிர்க்கும் மரபணுக்களும் இல்லாமற் போகவில்லை. நோயில் பிழைத்த புலி இறால்களையும் சாதாரண இறால்களையும் ஒப்பிட்டு, பிழைத்தவற்றில் அதிகம் வேலை செய்யும் லெக்டின் இன மரபணு ஒன்றைச் சீன ஆராய்ச்சியாளர் 2003 இல் கண்டெடுத்தனர். தாய்லாந்தில் 2006 இல், வைரஸின் மேலுறைப் புரதமான வி.பி. 28 இறாலின் உயிரணுவில் ராப்-7 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளுகிறது என்று கண்டனர். ராப்-7 ஐ அடக்கிய இறால்களில் வைரஸ் பரவல் குறைந்தது. இங்கே விஷயம் தலைகீழ். ஒரு மரபணு இருப்பதனாலன்றி, அதனை அடக்குவதனால் இறால் பிழைக்கிறது.

இவ்வாறு அடக்குவதற்குப் பயன்படும் முறையே இறாலின் மற்றொரு காவலுமாகும். ஆர்.என்.ஏ. என்னும் பொருள் இரட்டை இழையாக உடலில் தோன்றினால், அதனை வைரஸின் தடமாகக் கருதி, டைசர், ஆர்கோநாட் என்னும் புரதங்கள் துண்டு துண்டாக வெட்டி, அதே எழுத்துக்களையுடைய செய்திகளையெல்லாம் தேடி அழிக்கின்றன. புழுவில் இதனைக் கண்ட பயர், மெல்லோ என்பவர்கள் 2006 இல் நோபல் பரிசு பெற்றனர். வைரஸின் எழுத்துக்களைக் கொண்ட இரட்டை இழையை இறாலுக்குள் செலுத்தினால் அது வைரஸுக்குத் தப்புகிறது என்று 2005 இல் அமெரிக்காவில் காட்டப்பட்டது. சோதனைச் சாலையில் ஒவ்வோர் இறாலுக்கும் ஊசி போடலாம். ஏக்கருக்கு லட்சக்கணக்கில் விட்ட குட்டையில் யார் போடுவது? தீவனத்தில் கலந்தால் குடலில் சிதையாமல் காப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

தேர்ந்தெடுத்துப் பெருக்குதல்

மரபணுக்களின் பெயர்களை அறிவது ஒன்று. அவற்றில் நல்லவை சேர்ந்த இனத்தை உண்டாக்குவது மற்றொன்று. இதில் உலகத்திற்கு முதற் பாடம் தந்தது டாரா நோய். ஈக்குவடார் தேசத்தில் குவாயகில் நகருக்கு அருகில் டாரா ஆறு ஓடுகிறது. 1992 இல் அவ்வாற்றங்கரைப் பண்ணைகளில் தோன்றிய வைரஸ் நோய் அப்பெயர் பெற்று அமெரிக்கக் கண்டம் எங்கும் பரவியது. ஹவாய்த் தீவில் வன்னாமி இறால்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வளர்த்து, ஒவ்வொரு குடும்பத்திலும் சில உடன்பிறப்புகளை வேறிடத்தில் நோய்க்கு உட்படுத்தி, எக்குடும்பம் அதிகம் பிழைத்ததோ அக்குடும்பத்தின் நோய் படாத உடன்பிறப்புகளையே தாய் தந்தையாக வைத்துக்கொண்டனர். விதைக்கு வைத்த இறாலில் கிருமி ஏறாதபடி காக்கும் சாமர்த்தியமான முறை இது.

2002 இல் வெளியான முடிவின்படி, ஒரே தலைமுறைத் தேர்வில் பிழைப்பு நூற்றுக்கு 39 இலிருந்து 46 ஆக உயர்ந்தது. அடுத்தடுத்த தலைமுறைகளில் டாரா நோயைப் பெரிதும் தாங்கும் இனங்கள் கிடைத்தன. ஆயினும் அதே சோதனையில், நோயைத் தாங்குவதற்காகத் தேர்ந்த வரிசை, தேர்வு செய்யாதவற்றைவிட எடையில் சற்றுக் குறைந்தே நின்றது. அதிக மகசூலும் அதிக எதிர்ப்பும் ஒருங்கே கேட்பவருக்கு இயற்கை முகம் சுளிக்கும் இடம் இது. பின்னர் 2001 இல் பெலிஸ் தேசத்தில் டாரா வைரஸின் கொடியதொரு வகை தோன்றியது. நெல்லில் குலை நோய்க் காளான் புதுப்புது வகையாய் மாறி, பழைய எதிர்ப்பை முறிப்பதைப் பயிர்த் தொழிலாளர் கண்டதுண்டு. இறாலிலும் கதை அதுவே.

வெள்ளைப்புள்ளி நோய் டாராவைப் போல எளிதில் இணங்கவில்லை. கொலம்பியாவில் நடந்த தேர்வுகளில், எதிர்ப்பு தாய் தந்தையிடமிருந்து குஞ்சுக்கு இறங்கும் அளவு மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. உடல் எடைக்கும் இவ்வெதிர்ப்புக்கும் இடையே எதிர்த் தொடர்பும் தெரிந்தது. அதனால் பலர் நம்பிக்கை இழந்தனர். ஈக்குவடார் மாத்திரம் வேறு வழி சென்றது. 1999 இல் வெள்ளைப்புள்ளி நோய் அங்கே உற்பத்தியைப் பெரிதும் வீழ்த்திய பின், குட்டைகளில் பிழைத்தவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தாயாக வைத்து, அடர்த்தியைக் குறைத்து வளர்த்து வந்தனர். இன்று உலகில் இறால் ஏற்றுமதியில் முதலிடம் அத்தேசத்துடையது.

இதற்கிடையே மரபணுச் சுவடி முழுவதையும் படிக்கும் வசதி வந்தது. 2019 இல் சீன ஆராய்ச்சியாளர் வன்னாமி இறாலின் சுவடியை வெளியிட்டனர்; ஏறக்குறைய 166 கோடி எழுத்துக்கள், 25,596 மரபணுக்கள். மனிதனுடைய சுவடி 300 கோடி எழுத்துக்களுக்குச் சற்று மேற்பட்டது என்பதோடு ஒப்பிட்டால் இறாலின் சுவடி சிறியதன்று என்பது தெரியும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், நமது கடலுக்கே உரிய இந்திய வெள்ளை இறாலின் சுவடியையும் பின்னர் படித்து முடித்தனர்.

சுவடியைப் படித்ததன் பயன் 2020 இல் தெரிந்தது. அவ்வாண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், வன்னாமி இறால்களை வெள்ளைப்புள்ளி நோய்க்கு உட்படுத்தி, மாண்டவை, பிழைத்தவை ஆகிய இரண்டின் சுவடியிலும் 18,643 இடங்களைப் பரிசோதித்தனர். எதிர்ப்பைத் தரும் ஒற்றைப் பெரு மரபணு எதுவும் அகப்படவில்லை. எண்ணிறந்த சிறு மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே எதிர்ப்பு உண்டாகிறது என்பதுதான் கண்டது. ஆயினும் அவ்விடங்களின் கூட்டு மதிப்பை வைத்துத் தாய் தந்தையரைத் தேர்ந்தபோது, நோயிட்ட சோதனையில் குஞ்சுகளின் பிழைப்பு, தேர்வின்றிப் பெற்ற குஞ்சுகளுக்கு 38 ஆக இருந்த இடத்தில், நூற்றுக்கு 51 ஆக உயர்ந்தது. நூற்றுக்கு 51 பிழைத்தது என்றால் 49 மாண்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எதிர்ப்பு உள்ள குஞ்சு என்று எவர் கூறினாலும், எந்த நோய்க்கு, எத்தனை விழுக்காடு, எந்தச் சோதனையில் என்னும் மூன்று கேள்விகளையும் கேளாமல் முன்பணம் கொடுப்பது தகாது.

கிருமியற்றது வேறு, எதிர்ப்புள்ளது வேறு

பண்ணையாளர்களிடையே மிகுதியும் குழப்பம் விளைப்பது எஸ்.பி.எப். என்னும் மூன்றெழுத்து. குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லாதது என்பதே அதன் பொருள். அது தாய் இறால் வளர்ந்த இடத்தின் சுத்தத்தைக் குறிக்குமேயன்றி, இறாலின் பரம்பரையைக் குறிப்பதன்று. கதவடைத்த அறையில் வளர்ந்த குழந்தை அம்மை காணாதிருக்கிறது என்பதனால் அதற்கு அம்மை வராது என்று யாரும் சொல்லார். எஸ்.பி.எப். தாய்க்குப் பிறந்த குஞ்சு, குட்டைக்கு வந்த மறுநாளே காக்கை கொண்டுவந்து போட்ட நோயிறாலைத் தின்று வெள்ளைப்புள்ளி பெறலாம். எஸ்.பி.ஆர். என்பது குறிப்பிட்ட ஒரு நோயை எதிர்ப்பதற்கெனத் தேர்ந்த இனம். ஒரு நோயை எதிர்ப்பது மற்றொன்றை எதிர்க்க வேண்டுமென்பதில்லை. டாராவைத் தாங்கும் இறால் வெள்ளைப்புள்ளியில் மடியும். இவ்விரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், சேராமலும் இருக்கலாம்.

இன்னொரு வகையும் உண்டு. கிருமியை உடலில் வைத்துக்கொண்டே நோய்ப்படாமல் வாழ்வது அது; அதனைச் சகிப்பு எனலாம். சகிக்கும் இறால் தன் குட்டைக்கு நல்லது, அண்டை வயலின் குட்டைக்கு ஆபத்து. தாய்லாந்தில் பணிபுரிந்த திமதி பிளீகல் என்னும் ஆராய்ச்சியாளர் இச்சகிப்பைப் பற்றி 1998 முதல் எழுதி வந்தார். வைரஸின் சில துண்டுகள் இறாலின் சொந்தச் சுவடியிலேயே புகுந்து பரம்பரையாக இறங்கியிருப்பது பின்னர் புலி இறாலில் மெய்யாகவே காணப்பட்டது. அத்துண்டுகள் காவலுக்கு உதவுகின்றன என்பது அவர் கருத்து. பரிசோதனைச் சாலைக்கு இதனால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. உயிருள்ள வைரஸ் இல்லாதிருந்தும், சுவடியிலுள்ள துண்டைக் கண்டு பி.சி.ஆர். பரிசோதனை நோய் உண்டு எனக் கூறிவிடக்கூடும். அதனால் துண்டில் இல்லாத பகுதியைத் தேடும் பரிசோதனைகள் வகுக்கப்பட்டன.

ஈக்குவடாரைப் பார்த்து இங்கும் குட்டையில் பிழைத்த இறாலைத் தாயாக்கினால் என்ன என்று கேட்பாரும், விதிக்கு மாறாக அவ்வாறு செய்வாரும் உளர். இது நஷ்டத்திற்கு வழி. வியாபாரக் குஞ்சுகள் பெரும்பாலும் சில குடும்பங்களின் கலப்பிலிருந்தே வருகின்றன. ஒரு குட்டையில் உள்ளவை ஏறக்குறைய உடன்பிறப்புகள். அவற்றை இணைத்துப் பெற்ற குஞ்சில் உறவுக் கலப்பின் தீமை ஏறி, வளர்ச்சியும் குன்றும், நோய் தாங்கும் வலுவும் குன்றும். ஈக்குவடாரில் தேசம் முழுவதிலுமிருந்து பல்லாயிரக் கணக்கில் தாய்கள் எடுக்கப்பட்டன. ஒரு பொரிப்பகத்தின் பின்புறத் தொட்டியில் அது நடவாது. மேலும் பிழைத்தது எதிர்ப்பினாலோ, கிருமி அதனிடம் வராததாலோ என்பது தோற்றத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. கிருமியைச் சுமந்த தாய் ஒன்று போதும், அந்தத் தொட்டிக் குஞ்சு சென்ற பண்ணைகளெல்லாம் பாழாக.

பண்ணையில் செய்யத்தக்கது

குஞ்சு வாங்குகையில் உரிமம் பெற்ற பொரிப்பகமா என்பதையும், தாய் இறால் எந்த மாதம் நீலாங்கரையிலிருந்து வந்தது என்பதையும் கேட்டறிந்து, குஞ்சைத் தாமே பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். விற்பவர் காட்டும் சீட்டு எந்தத் தொட்டிக் குஞ்சைப் பற்றியது என்பது எப்பொழுதும் தெளிவாயிராது. வெள்ளைப்புள்ளியோடு, வளர்ச்சியைக் கெடுக்கும் இ.எச்.பி. என்னும் நுண்ணுயிருக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லலாம்.

குட்டையில் ஐயம் தோன்றினால், இறாலின் இரத்தம் உறைகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. நலமுள்ள இறாலின் இரத்தம் விரைவில் உறையும். வெள்ளைப்புள்ளி முற்றியதில் இரத்தம் உறையாமல் தண்ணீராய் நிற்கும். இது கண்டால் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடுவது பக்கத்துக் குட்டைக்காரர் தலையில் நெருப்பை வைப்பதாகும். மதகை அடைத்து, குளோரின் இட்டு, கிருமி அழிந்த பின்னரே நீரை வெளியேற்ற வேண்டும்.

நீரின் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே அளவு வைரஸ் ஏற்றிய வன்னாமி இறால்களை 26 பாகை செண்டிகிரேடை ஒட்டிய நீரிலும், 32 பாகைக்குச் சற்று மேற்பட்ட நீரிலும் வைத்துப் பார்த்த சோதனை 2001 இல் வெளியாயிற்று. குளிர்ந்த நீரில் வைத்தவை மாண்டன. வெப்ப நீரில் வைத்தவற்றில் மிகப் பல பிழைத்தன. ஒரே இறால், ஒரே மரபணுக்கள்; நீர் மாத்திரம் வேறு. கார்த்திகை முதல் தை வரையில் கரையோரக் குட்டைகளின் நீர் இரவில் குளிர்ந்துவிடுவதால், அக்காலத்தில் இறக்கிய குஞ்சுகளே இந்நோய்க்கு மிகுதியும் இலக்காகின்றன; மாசி பிற்பகுதிக்குப் பின் வெப்பம் நிலைத்த குட்டையில் இறக்குவதைப் பல பண்ணையாளர் விரும்புவதற்கு இதுவே காரணம். வெப்ப நீரில் பிழைத்த இறாலும் கிருமி நீங்கியதன்று. அதனை மீண்டும் குளிர்ந்த நீருக்கு மாற்றினால் நோய் திரும்பவும் எழும். ஆகையால் கோடைக் குட்டையில் புள்ளி கண்டு அடங்கிய இறாலை, மழை வரும் வரை எடை ஏறட்டும் என்று வைத்திராமல், விலை சற்றுக் குறைவாயினும் ஆனி, ஆடிக்குள் பிடித்துவிடுதல் வேண்டும்.